வட்டத்துக்குள் ஐந்து புள்ளிகள்

அக்டோபர் 7, திங்கள்

காலை பதினொன்றரைக்கு என்னை மூன்றாம் எண் தனியறையில் அடைத்தார்கள். அடைத்தார்கள் என்று சொல்லக் கூடாதாம். "தங்க வச்சிருக்கோம்னு சொல்லுங்கக்கா" என்கிறார் நர்ஸ் இசக்கி. இரண்டு கதவு, நடுவில் ஓர் ஆள் நின்று கவுன் மாட்டிக்கொள்ளும் இடம், வராந்தாப் பக்கம் திறக்க முடியாத கண்ணாடி, பேசுவதற்கு ஒரு இன்டர்காம். இதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அடைப்புதான்.

நான் ஞானசெல்வி. வயது ஐம்பத்தொன்று. இதே ஆஸ்பத்திரியின் கிருமி லேபில் இருபத்தாறு வருட வேலை, இப்போது அங்கே தலைமை டெக்னீஷியன். யாருக்காக இந்த அறிமுகம் என்று தெரியவில்லை. இந்த அறைக்குள் வந்த காகிதம் வெளியே போகாது. நான் வெளியேறும் நாளில் இந்த நோட்டும் மஞ்சள் பையில் விழுந்து எரிந்து போகும். அந்த விதியை எழுதிய கமிட்டியில் நானும் இருந்தேன்.

வலது கால் பெருவிரலுக்கு அடியில் புண். சர்க்கரை பத்து வருடமாக உண்டு. புண்ணில் இருப்பது சூடோமோனாஸ் என்ற கிருமி. அதை எங்கள் லேபில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வளர்க்கிற தட்டு முழுக்கப் பச்சை பாயும், மூடியைத் திறந்தால் பழுத்த திராட்சை வாசம் அடிக்கும். எத்தனையோ பேருடைய தட்டில் அந்த வாசத்தைப் பார்த்து எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். இப்போது என் கால் கட்டு அதே பச்சை, அதே வாசம். பெரும்பாலான மருந்துக்கு மசியாத ரகம்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார் சர்ஜன். மூன்று வாரம் கொடுங்கள், ஒரு புது மருந்துக்குப் பரிசோதனை நடக்கிறது, அதில் சேர்த்துப் பார்க்கிறேன் என்றார் தொற்று நோய் டாக்டர் சபீனா. ஆகவே 28-ஆம் தேதி வரை கால் என்னுடையது. அதற்குப் பிறகு சர்ஜன் பார்த்துச் சொல்வார்.

உள்ளே வருவதற்கு முன்பே வெளிநோயாளி அறையில் பாரத்தை நிரப்பச் சொன்னார்கள். பதினான்கு கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடித்தல் திருத்தல் ஒன்றுமில்லை.

எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர். 'ஆன்டிபயாட்டிக் மருந்தை நீங்களாக வாங்கிப் பயன்படுத்தாதீர்கள்.' அதன் கீழே விரலை நீட்டிக்கொண்டு என் படம். போன வருட விழிப்புணர்வு வாரத்துக்கு எடுத்தது. எல்லா அறையிலும் ஒட்டச் சொன்னவளும் நான்தான். கழற்றிவிடச் சொன்னேன். "கழத்துனா சுவத்துப் பெயிண்டும் சேந்து வந்துரும்க்கா, ஆபீஸ்ல கேக்கணும்" என்றார் இசக்கி.

அக்டோபர் 8, செவ்வாய்

டாக்டர் சபீனா கவுன், முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தார். இந்த ஊர்ப் பெண்தான், மேலப்பாளையம். படித்தது எங்கெங்கோ. பேசும்போது பேனாவை மூடி மூடித் திறப்பார்.

மருந்து ஒரு களிம்பு. கடுக்காய்த் தோலில் இருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்துச் சுத்தம் செய்து கலந்திருக்கிறார்கள். அது கிருமியைக் கொல்லாதாம்.

"கொல்லாத மருந்து என்ன மருந்து டாக்டர்?" என்றேன்.

"மேடம், உங்களுக்கா நான் சொல்லணும்? இந்தக் கிருமி ஒண்ணு ரெண்டா இருக்கறப்ப சும்மா கிடக்கும். கூட்டம் சேந்ததும் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும். நாம இத்தனை பேரு இருக்கோம், ஆரம்பிக்கலாம்னு. அப்பத்தான் விஷத்தைக் கக்கும், அந்தப் பச்சையைக் கக்கும், மேல ஒரு பசையை மூடிக்கிட்டு உக்காந்துரும். இந்தப் பொருள் அந்தச் சேதி போய்ச் சேர விடாது. கூட்டம் இருக்கும், ஆனா கூட்டம் இருக்கறதே அதுக்குத் தெரியாது. உயிருக்கு ஆபத்து இல்லாததால எதிர்த்து நிக்கப் பழகவும் அவசரம் இருக்காதுன்னு நினைக்கிறோம்."

"அப்ப கொல்லறது யாரு?"

"மேலாப்புல இருக்கறதை உங்க உடம்பே பாத்துக்கும். உள்ளே, எலும்புப் பக்கம் களிம்பு போகாது. அங்கே ஊசி. இன்னும் இந்தக் கிருமிக்குக் கேக்கற ஊசி ஒண்ணே ஒண்ணு இருக்கு. உங்க லேப்ல இருக்கற வேணியே பாத்துச் சொன்னா. சேருகிற எல்லாருக்கும் அதே ஊசிதான்."

களிம்பு இரண்டு விதம். ஒன்றில் அந்தப் பொருள் இருக்கும், மற்றதில் இருக்காது. எனக்கு எது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நியாயமான முறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெளியே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பாரத்தைப் புரட்டிக்கொண்டே, ஏழாவது கேள்வியை இன்டர்காமில் இன்னொரு முறை கேட்டார். "மூணு மாசத்துக்குள்ள இந்த ஊசி போட்டதில்லையே மேடம்? போட்டிருந்தா சேர்க்கக் கூடாதுன்னு விதி."

இல்லை என்றேன்.

மதியம் தயிர் சாதம், பீட்ரூட். பீட்ரூட்டில் உப்பே இல்லை.

அக்டோபர் 9, புதன்

ஊசி மூன்று வேளை. களிம்பு இரண்டு வேளை. கட்டுப் பிரிக்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி

அவர் வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து இன்டர்காமைக் காதில் வைத்துக்கொண்டார். சாம்துரை, என் வீட்டுக்காரர். கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் மாட்டோடு பேசிப் பேசி மனுஷரிடம் பேச்சுக் குறைந்துவிட்டது.

"கடுக்காய்னு சொல்லுதாங்களே. நம்ம வீட்டுலயே ஒரு டப்பா கெடக்கு. நாமளே அரைச்சுப் போட்டுருக்கலாம்லா" என்றார்.

"அரைச்சுப் போட்டிருந்தா இன்னேரம் கால் போயிருக்கும். புண்ணுல பொடியைக் கொட்டுறதும் இதுவும் ஒண்ணா? சும்மா இருங்க."

சிரித்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏ செல்வி, அன்னைக்கு ஆகஸ்ட்ல..."

"மீனுக்குத் தண்ணி மாத்தினீங்களா?" என்று கேட்டேன்.

மாற்றினேன் என்றார். வீட்டில் தொட்டியில் நான்கு மீன் இருக்கின்றன. அவற்றைப் பற்றியே பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனார்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் கூரை, தண்ணீர்த் தொட்டி, தொட்டி மேல் ஒரு காக்கை. வேறு ஒன்றுமில்லை. காக்கை போனால் தொட்டியைப் பார்க்கலாம். கோயில் மணி கேட்டது. உட்கார்ந்தபடியே ஜெபம் பண்ணினேன், மனம் நிற்கவில்லை.

வேணி போன் பண்ணினாள். லேபில் எனக்கு அடுத்தவள், கைராசிக்காரி, ஆனால் வாய் ஓயாது. ஆறு வருடம் முன்பு சேர்ந்த புதிதில் நோட்டில் தப்பாக எழுதிவிட்டு வெள்ளை மை தடவினாள். அந்தப் பாட்டிலை வாங்கிக் குப்பையில் போட்டேன். லேப் நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில் சரியானது, கையெழுத்து, அன்றைய தேதி. அன்று அழுதாள். இன்று புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் இதைச் சொல்லிக் கொடுக்கிறாள்.

வாரச் சோதனைகளை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "நான்தான் அக்கா. பழைய நோட்டெல்லாம் எடுத்து அடுக்கப் போறேன்" என்றாள். அதெல்லாம் வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

எல்லாம் முடிந்தது என்றுதான் காலையில் நினைத்தேன். ஒழுங்காக எழுதுகிறேன்.

நேற்றுப் புண்ணில் பஞ்சுக் குச்சி வைத்து எடுத்துப் போனார்கள். பத்து மணிக்கு வேணியைக் கூப்பிட்டேன். இழுத்தாள். சொல்லுடி என்றேன். "நெறைய வளந்துருக்கு அக்கா. தட்டு முழுக்கப் பச்சை. போன தடவை மாதிரியேதான்" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் களிம்பு பூசி ஒரு கிருமிகூடக் குறையவில்லை. எனக்கு வந்தது வெறும் களிம்பு, இல்லாவிட்டால் இந்த மருந்தே வெறும் பேச்சு. இருபத்தாறு வருடத்தில் தட்டு எனக்குப் பொய் சொன்னதில்லை. இசக்கியைக் கூப்பிட்டு, சர்ஜனிடம் இருபத்தெட்டு வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றேன். குரல் நடுங்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, என்ன ஜென்மமோ.

இசக்கி கட்டைப் பிரித்தார். வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"யக்கா, இங்கிட்டுக் கொஞ்சம் பாருங்க."

"வேண்டாம்."

"பாருங்கங்கேன்லா. நாலு நாளா சொல்லணும்னு நெனச்சேன், நீங்க மூஞ்சியைக் குடுத்தாத்தானே."

கட்டுத் துணியை இடுக்கியில் பிடித்து என் முன்னே நீட்டினார். லேசான மஞ்சள். பச்சை இல்லை. திராட்சை வாசமும் இல்லை, மருந்து வாடை மட்டும். புண்ணின் ஓரம் சிவந்து, ஈரமாக, உயிருள்ள சதையாக இருந்தது. என் காலை நான் பார்த்து எட்டு நாள் ஆகியிருந்தது.

மாலையில் டாக்டர் சபீனாவிடம் சண்டைக்குப் போனேன். தட்டில் பச்சை, காலில் இல்லை, எது உண்மை?

"மருந்து உங்க காலில இருக்கு மேடம், தட்டுல இல்லையே. தட்டுக்குப் போனதும் அதுங்க திரும்பப் பேசிக்க ஆரம்பிச்சுரும். கொல்லாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல."

சொன்னார்தான். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. வளர்ச்சி உண்டு, வளர்ச்சி இல்லை, இந்த இரண்டையும் தவிர வேறெதையும் நான் எழுதியதே இல்லை.

சர்ஜனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கால் இருக்கும் போலிருக்கிறது. அழுதேன், நன்றாகவே அழுதேன்.

அக்டோபர் 16, புதன்

கட்டு: வெளிர் மஞ்சள். வாசம் இல்லை. நானே பார்த்தேன்.

அக்டோபர் 19, சனி

மதியம் குளிர் எடுத்தது. காய்ச்சல் நூற்றொன்று.

டாக்டர் சபீனா கால் படம் எடுக்கச் சொன்னார். மேலே புண் ஆறுகிறது, உள்ளே எலும்போரம் சீழ் மாதிரித் தெரிகிறது. "ஊசி கேக்கணுமே, லேப்ல கேக்குதுன்னுதானே வந்திருக்கு. இன்னும் ரெண்டு நாள் பாப்போம்" என்று பேனாவை மூடி மூடித் திறந்தார்.

மருந்து கேட்கிறதா என்று நாங்கள் பார்ப்பது இப்படி. தட்டு நிறையக் கிருமியைப் பூசி, நடுவில் மருந்து ஊறிய சிறு வில்லையை வைப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் சுத்தமான வட்டம் விழும். வட்டம் பெரிதாக இருந்தால் அந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று எழுதுவோம். எப்போதாவது ஒரு தட்டில் அந்தச் சுத்தமான வட்டத்துக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். மருந்துக்கு நடுவிலேயே வளர்ந்தவை. முதலில் நாலைந்துதான் இருக்கும். அதே மருந்தைத் தொடர்ந்தால் அவை மட்டும் பெருகி நிற்கும்.

ஆகஸ்ட் மாதம் ஒருவருடைய தட்டில் இந்த ஊசிக்கு அப்படி ஐந்து புள்ளிகளைப் பார்த்தேன். இந்த முறை வேணி எடுத்த துளியில் அவை வரவில்லை போலிருக்கிறது. வராமல் போவதும் உண்டு.

அக்டோபர் 20, ஞாயிறு

நூற்றொன்று புள்ளி நான்கு. கோயில் மணி கேட்டதா என்று ஞாபகமில்லை.

அக்டோபர் 21, திங்கள்

வேணி போன். இன்று அவள் வாய் ஓய்ந்திருந்தது.

"அக்கா, தரச் சோதனை நோட்டை அடுக்கினேன்."

நான் வேண்டாம் என்று சொன்ன நோட்டு. எங்கள் தட்டும் வில்லையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க, குணம் தெரிந்த ஒரே கிருமியை வாரா வாரம் வளர்த்துப் பார்ப்போம். அதற்கு நோயாளி பெயர் கிடையாது, பதிவு எண் கிடையாது, டாக்டர் பார்வைக்குப் போகாது. முடிவு வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும்.

"பிப்ரவரியில ஒண்ணு, மே மாசம் ஒண்ணு, ஆகஸ்ட்ல ஒண்ணு, மூணும் வேற மாதிரி இருக்கு அக்கா. ஒவ்வொரு தடவையும் கேக்கற மருந்து குறைஞ்சுக்கிட்டே வருது. நம்ம கிருமி அப்படி வராதே. மூணும் உங்க கையெழுத்து."

ஏதோ கலந்திருக்கும், வந்து பார்க்கிறேன் என்றேன்.

"ஆகஸ்ட்ல வட்டத்துக்குள்ள அஞ்சு புள்ளின்னு பென்சில்ல எழுதியிருக்கீங்க" என்றாள். பிறகு, "நான் யார்கிட்டயும் சொல்லலக்கா" என்று வைத்துவிட்டாள்.

பென்சிலில் ஏன் எழுதினேன்? நான் பென்சிலில் எழுதுகிறவளே இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

அவர் வந்தார். இன்றைக்கு மீனைப் பற்றிப் பேச விடவில்லை.

"நான் டாக்டரம்மாகிட்ட சொல்லிரட்டுமா?"

"என்னத்த?"

"செல்வி, ஊசி போட்டது நானு. அஞ்சு நாளு, ரெண்டு வேளை. இந்தக் கைதான். நீ மருந்தைக் கொண்டாந்து குடுத்த, லேப்ல நானே பாத்துட்டேன், இதுதான் கேக்கும்னு சொன்ன. நான் போட்டேன். முப்பது வருசத்துல ஒரு பசுவுக்கு ஊசி போட்டாக்கூட அட்டையில எழுதி வச்சிட்டுத்தான் அந்த வீட்டுப் படியை எறங்குவேன். உனக்குப் போட்டது மட்டும் எங்கயும் எழுதல."

"நீங்க சொன்னா நான் இந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே செத்துருவேன்" என்றேன். கொடுமையான வார்த்தை. சொல்லிவிட்டேன். அவர் இன்டர்காமைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மூன்றரைக்குப் போனார்.

நூற்றிரண்டு.

அக்டோபர் 23, புதன்

எழுதிவிடுகிறேன். எரியப் போகிற நோட்டிலேயே நான் பொய் எழுதிக்கொண்டிருந்தால் எங்கே போய் நிற்பது?

பிப்ரவரியில் செருப்பு கடித்துப் புண் வந்தது. லேபில் ஆறாத புண்ணோடு யாரும் தட்டைத் தொடக் கூடாது. விடுப்பில் போனால் என் நாற்காலி போகும் என்று பயந்தேன். அதைவிட, நான் நோயாளியாக வரிசையில் நிற்பதா என்ற வீம்பு. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் போனபின் நானே பஞ்சுக் குச்சியால் எடுத்தேன், நானே வளர்த்தேன், தரச் சோதனை என்று எழுதினேன். கேட்கிற மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டேன். புண் ஆறுகிற மாதிரி இருந்ததும் நிறுத்தினேன். மே மாதம் வேறு மாத்திரை. ஆகஸ்டில் ஊசி. ஊசி முடிந்த மறு வாரம் வைத்துப் பார்த்த தட்டில்தான் அந்த ஐந்து புள்ளி. அந்த 'ஒருவர்' நான்தான். என் காலில் இருக்கிற இந்த அடங்காத கிருமியை ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துப் பழக்கி வளர்த்தது நான். அதுவும் சுவரில் நின்று எல்லோருக்கும் விரலை நீட்டிக்கொண்டு.

இப்போது கணக்கு இதுதான். சொன்னால் பரிசோதனையில் இருந்து நீக்குவார்கள், களிம்பு போய்விடும். அந்தக் களிம்பால்தான் புண் ஆறுகிறது. சொல்லாவிட்டால் அதே ஊசி ஏறும், ஐந்து புள்ளி ஐந்து லட்சமாகும், சர்ஜன் திங்கட்கிழமை முழங்காலுக்குக் கீழே கோடு போடுவார். அதோடு நின்றால் அதிர்ஷ்டம். எந்தக் கதவைத் திறந்தாலும் வெளியே போக வழி இல்லை. காலையில் இருந்து ஜெனரேட்டர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு டாக்டர் சபீனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து இன்டர்காமை எடுத்தார். எப்படி இருக்கீங்க மேடம் என்றார். வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று தோன்றியது. கையைக் காட்டி நிற்கச் சொல்லிவிட்டு இந்த நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்தேன். பெரிய எழுத்தில் எழுதினேன்.

'கேள்வி 7. என் பதில் தவறு. ஆகஸ்ட் 12 முதல் 16 வரை இதே ஊசி, நாளுக்கு இரண்டு வேளை, வீட்டில். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகஸ்ட் 20 தட்டில் இந்த ஊசியின் வட்டத்துக்குள் 5 புள்ளிகள். இந்த ஊசி கேட்காது. பிப்ரவரி, மே மாதங்களில் மாத்திரைகளும் உண்டு. விவரம் தரச் சோதனை நோட்டில், என் கையெழுத்தில்.'

கையெழுத்து, தேதி. கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன்.

அவர் படித்தார். திரும்ப ஒரு முறை படித்தார். காகிதம் வெளியே வர முடியாது என்பதால் போனை எடுத்தார். "வெளிச்சம் அடிக்குது, கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க" என்றார். சாய்த்துப் பிடித்தேன். இரண்டு படம் எடுத்தார். பிறகு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் கை அப்படியே கண்ணாடியில் இருந்தது.

எழுந்து வந்து இன்டர்காமை எடுத்தபோது குரலில் கோபம் இருந்தது.

"மேடம், நீங்க இதைச் சொல்லாம இருந்திருந்தா என்ன நடந்திருக்கும் தெரியுமா? ஊசி தோத்துருக்கும். நான் களிம்பு தோத்துப் போச்சுன்னு எழுதியிருப்பேன்."

அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. என் காலை மட்டும்தான் யோசித்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

களிம்பை நிறுத்திவிட்டார்கள். விதி விதிதான், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய ஊசியும் நின்றது. புதிய ஊசி, சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிற கிழட்டு மருந்து. வேறு வழியில்லாதபோது எடுப்பது. சிறுநீரை அளந்து எழுத வேண்டும். அளந்து எழுத எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்டோபர் 26, சனி

காய்ச்சல் நூறு. இறங்குகிறது.

கட்டைப் பிரித்ததும் நானே முதலில் பார்த்தேன். ஓரத்தில் பச்சை. திராட்சை வாசமும் லேசாக. களிம்பு நின்று இரண்டு நாளில் திரும்பிவிட்டது. அப்படியானால் எனக்குப் போட்டது வெறும் களிம்பு இல்லை, மருந்துதான்.

டாக்டர் சபீனாவிடம் சொன்னேன். இது ஒரு முடிவு டாக்டர், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "உங்க எண் இப்ப கணக்குல இல்ல மேடம். எழுத முடியாது." அவருக்கும் அது வலித்தது, முகத்தில் தெரிந்தது.

அக்டோபர் 28, திங்கள்

சர்ஜன் வந்தார். அமுக்கினார், படத்தைப் பார்த்தார், மறுபடி அமுக்கினார். பாதத்தைத் தொட்டபோது எனக்கு வலித்தது. வலிக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி கணுக்கால் வரைக்கும் கறுத்திருந்தது. இப்ப மேல் சதை நல்லா இருக்கு. பெருவிரலும் அதுக்குப் பின்னாடி எலும்பும் போகும். மத்ததை விட்டுரலாம்" என்றார்.

நாளைக் காலை எட்டு மணி.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஊரே வெடிக்கிறது, கண்ணாடி அதிர்கிறது. அறுவை செவ்வாயன்று முடிந்தது. பெருவிரல் இல்லை. மற்ற நான்கும் கட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கின்றன. கட்டில் பச்சை இல்லை. காய்ச்சல் இல்லை.

அவர் வந்தார். நான் முதலில் பேசினேன். "அன்னைக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க."

"எதை?" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். பழைய மாட்டு அட்டை. உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர். கீழே ஆகஸ்ட் 12 முதல் 16 வரை, வேளை வேளையாக, ஊசி விவரம். போட்ட அன்றே எழுதி வைத்திருக்கிறார். இனம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

எங்கேயும் எழுதவில்லை என்றீர்களே என்று கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சா கிழிச்சிருப்பல்லா" என்றார். உண்மைதான், கிழித்திருப்பேன்.

நவம்பர் 5, செவ்வாய்

ஆபீஸில் இருந்து கடிதம். இன்டர்காமில் படித்துக் காட்டினார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். எதிர்பார்த்ததுதான். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

இசக்கி சுரண்டுவதற்கு ஒரு தகட்டோடு வந்தார். "போஸ்டரைக் கழத்தச் சொல்லிட்டாங்கக்கா. பெயிண்டு போனா போட்டும்னுட்டாங்க."

நான் போகிற வரைக்கும் இருக்கட்டும் என்றேன். ஏன்க்கா என்றார். அதில் எழுதியிருப்பது சரிதானே, படத்தில் இருக்கிறவளைத்தான் சரி பார்க்க வேண்டியிருந்தது என்றேன். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

இரண்டு முறை எடுத்துப் பார்த்தும் கிருமி இல்லை. வளர்ச்சி இல்லை என்று வேணி போனில் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். மதியம் கதவு திறக்கும். இந்த நோட்டு மஞ்சள் பைக்குப் போகும், போகட்டும்.

வேலையில்லாத ஆள் லேபுக்குள் போகக் கூடாது. ஆகவே வேணி தரச் சோதனை நோட்டைக் கீழே வரவேற்பு மேசைக்குக் கொண்டு வருகிறாள். டாக்டர் சபீனா ஏழாவது கேள்வியைத் திருத்தப் பாரத்தோடு வருகிறார். "வெள்ளை மை கொண்டாரட்டா அக்கா?" என்று கேட்டாள் வேணி, கழுதை. ஆறு வருடம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இங்கேயே ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன். மூன்று வரியிலும் 'தரச் சோதனை' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில்:

நோயாளி: ஞானசெல்வி. பெண். வயது 51. வலது கால் புண்.

கையெழுத்து. நவம்பர் 8.